சிவப்பு நூல் போட்ட விமான ஜாக்கெட்

“அந்தச் சிவப்பு நூல் எங்கீங்க?” என்று சந்திரன் கேட்டபோதுதான் நடந்த விபரீதம் எனக்குத் தெரிந்தது.

அப்போது நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியின் சாம்பிள் செக்‌ஷன் என் பொறுப்பில் இருந்தது. சந்திரன் கோயம்புத்தூர்க்காரர். போர்க்கால விமானிகளின் தோல் ஜாக்கெட்டுகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர். இப்படியும் ஒரு பைத்தியமா என்று முதலில் சிரித்திருக்கிறேன். தோல் எத்தனை வருஷமானாலும் தாங்கும்; மணிக்கட்டிலும் இடுப்பிலும் இறுக்கிப் பிடிக்கும் பின்னல் பட்டையான கம்பளி ரிப்பைப் பூச்சி தின்றுவிடும். அதே நிறத்தில், அதே இறுக்கத்தில் புது ரிப் நிட்டிங் செய்து வாங்கத்தான் எங்களிடம் வருவார்.

இந்த ஜாக்கெட் இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டிய ஒருவருடையது. அவிநாசியில் இருக்கும் அவர் மகள் மரகதம்மாள் கொடுத்தது. இடுப்பு ரிப்பை மட்டும்தான் மாற்றச் சொல்லியிருந்தார் சந்திரன். வலது கை ரிப்பில் இருந்த ஓட்டையை மரகதம்மாளின் அம்மா சிவப்புக் கம்பளி நூலால் அடைத்திருந்தார்.

“ஊட்டுல பத்து ஜாக்கெட் இருக்குதுங்க. யாரு போட்டது, யாரு தெச்சதுன்னு தெரிஞ்சது இது ஒண்ணுதானுங்க,” என்பார் சந்திரன்.

செல்வி எங்கள் செக்கிங்கில் கெட்டிக்காரப் பெண், தூத்துக்குடிப் பக்கம். துணியில் வேற்று நிற நூல் தெரிந்தால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சரக்கு வாங்கும் பையர் பீஸை ரிஜெக்ட் செய்வார். பல வருஷப் பழக்கம் அது. பழுப்பு ரிப்பில் சிவப்பைப் பார்த்ததும் அவள் கை தானாக நூல் வெட்டும் ட்ரிம்மரை எடுத்து, முடிச்சை வெட்டி நூலை உருவிவிட்டது.

வேஸ்ட் மூட்டையைக் கொட்டித் தேடினோம். நல்லவேளை, நூல் அறுபடாமல் கிடைத்தது, பழைய நெளிவுகளோடு. ஆனால் அன்றைக்கென்று பார்த்து மரகதம்மாளையும் காரில் கூட்டி வந்திருந்தார் சந்திரன்.

“வேத்து நூலுன்னு நெனச்சுப் பிரிச்சுட்டேம்மா,” என்று செல்வி அழுதாள்.

மரகதம்மாள் நூலை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்.

“அழுவாத கண்ணு. ஒரு டம்ளர் கொண்டா.”

குடிக்கத்தான் கேட்கிறார் என்று தண்ணீர் நிரப்பிக் கொடுத்தேன்.

“வெறும் டம்ளருங்க,” என்றார். தண்ணீரைக் கொட்டிக் கொடுத்ததும் அதைக் கை ரிப்புக்குள் நுழைத்து, ஓட்டை விரிந்து நிற்கும்படி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“லீவு முடிஞ்சு அப்பா கெளம்பறதுக்கு முந்தி எங்கம்மா தெச்சாங்க. அன்னிக்கு இப்படித்தான் நான் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன். நீ தெய்யி கண்ணு, நான் புடிச்சுக்கறேன்.”

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே நூலை ஊசியில் கோத்தாள். கடைசி முடிச்சு விழும்வரை மரகதம்மாள் டம்ளரை விடவில்லை.

செக்கிங்கில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பழைய துணியில் வேற்று நூல் தெரிந்தால், ட்ரிம்மரை எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். அதைத் தைத்த ஒருத்தியும், கூட உட்கார்ந்து பிடித்துக்கொண்ட ஒருத்தியும் இருப்பார்கள்.