ஒரு சோடி மேஸ் குறைவு

சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்பவர் பிழையைக்கூடப் பிழையில்லாமல் மொழிபெயர்க்க வேண்டியவர். இருபத்தாறு வருடமாகக் கொட்டாஞ்சேனையில், ஒரு போட்டோகொப்பிக் கடையின் பின்னறையில் இருந்து இந்த வேலையைச் செய்கிறேன். வெள்ளவத்தையில் இருந்து பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் பொறுமை பாதி போய்விடும், மீதியை வருகிற ஆட்கள் தீர்த்து வைப்பார்கள். அரசாங்கக் கந்தோர் வாசல்களில் "நாளைக்கு வாங்க" கேட்டுக் கேட்டு நொந்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான், ஆகவே கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

முத்திரையின் விதி

ஒருமுறை வெள்ளவத்தைத் தம்பதி ஒன்று வந்தது. மனைவியின் பிறப்புச் சான்றிதழில் யாரோ ஒரு லிகிதர் "ஆண்" என்று எழுதி வைத்திருந்தார். "மிஸ், இங்கிலீசில மட்டும் பெண் எண்டு போட்டு விடுங்கோவன்" என்று அந்த அம்மா கெஞ்சினார். முடியாது. இருப்பதை இருக்கிறபடி எழுதி அடியில் என் முத்திரையைக் குத்துவதுதான் என் பிழைப்பு. மூலத்தைத் திருத்திக்கொண்டு வரச் சொன்னேன். கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "அப்ப பத்தொன்பது வருசமா நான் ஆரோட குடும்பம் நடத்தினனான், சொல்லுங்கோ பாப்பம்?"

இரண்டு வரிக் கடிதம்

மரியதாஸ் அங்கிள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகள் கனடாவில். பேத்தி கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்கு வரச் சொல்லி விசாவுக்குப் படிவம் அனுப்பியிருந்தாள். அதில், முன்பு எப்போதாவது படையில் இருந்தீர்களா என்று ஒரு கேள்வி. வேறு யாராக இருந்தாலும் "இல்லை" என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பார்கள். இவர் "ஓம்" என்று போட்டார். இளவயதில் இராணுவத்தின் தொண்டர் படையில் இருந்திருக்கிறார். வார இறுதியில் பயிற்சி, கூப்பிட்டால் சேவை. விடுவிப்புச் சான்றிதழ் கேட்டுப் படைப் பதிவுக் கந்தோருக்கு எழுதினார். பதில் சிங்களத்தில் இரண்டே வரி. எண்பத்துமூன்று ஜூலை மாதக் கடைசியில் அனுமதியின்றிச் சேவையை விட்டு ஓடியவர் என்று பதிவாகியிருக்கிறது.

அதை நான் ஆங்கிலத்தில் போட வேண்டும். "ஓடினவர்ங்கிறத கொஞ்சம் மெதுவா எழுத ஏலாதா, மிஸ்?" என்று கேட்டார். வழக்கமான பிரசங்கத்தை வைத்தேன். எழுதி, முத்திரையும் குத்தி நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. முத்திரையின் மை காயும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்: "ஓடியிருந்தா மிஸ், நாப்பது வருசமா அதே தெருவுலயா குடியிருப்பேன்?"

மன்னிப்புக் காலம்

எனக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. அவருக்காக ஒரு முறையீடு எழுதி, அவரோடு நானும் அந்தக் கந்தோருக்குப் போனேன். கவுண்டரில் சீருடையோடு இருந்த இளம் பெண் நல்ல மாதிரி. அது பொது மன்னிப்புக் காலமாம். சொல்லாமல் கொள்ளாமல் போனவர்கள் வந்து ஒரு கையெழுத்து வைத்தால், முறைப்படி விலக்கிக் கடிதம் கொடுத்துவிடுவார்கள். இரண்டு கிழமையில் வேலை முடிந்துவிடும். எங்களுக்குப் பின்னால் அதற்காகவே ஒரு வரிசை நின்றது.

நான் சந்தோஷத்தில் பேனையைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை மூடித் திருப்பித் தந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. "அங்கிள், பேத்தியப் பாக்க வேணுமோ வேண்டாமோ?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன். அவர் என்னைப் பார்க்காமல் அந்தப் பெண்ணிடம் சிங்களத்தில் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "மன்னிப்பு வாங்கணும்னா நான் முதல்ல குற்றம் செஞ்சிருக்கணுமே, மேடம்."

சார்ஜனின் பெயர்

அப்படியானால் நடந்ததைச் சத்தியக்கடதாசியில் எழுதுவோம் என்றேன். கதை சுருக்கமானது. அந்த ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரம் தொடங்கிய அன்று முகாமில் இருந்த ஒரே தமிழர் இவர். சிங்களச் சார்ஜன் ஒருவர் இவரைச் சமையலறைப் பக்கம் கூட்டிப்போய், தம்பி என்று சிங்களத்தில் அழைத்து, "மல்லி, வீட்டுக்குப் போ. நான் கூப்பிடும்வரைக்கும் வராதே" என்று சொல்லி, தன் சொந்தச் சட்டையை இவருக்கு மாட்டிவிட்டு, தானே ஜீப்பில் கொண்டுவந்து இவர் வீட்டுப் பக்கத்துப் பாலத்தடியில் இறக்கியிருக்கிறார். பிறகு யாரும் கூப்பிடவில்லை. வராதவர் என்று எழுதி, பிறகு ஓடியவர் என்று எழுதிவிட்டார்கள்.

"சார்ஜன்ட பேர் என்ன?" என்று கேட்டேன். சொல்ல மாட்டாராம். மேலதிகாரியின் கட்டளை இல்லாமல் ஒருவனை முகாமை விட்டு வெளியே அனுப்பியது சார்ஜன் பக்கம் குற்றமாகிவிடுமாம். உயிரோடு இருக்கிறாரோ என்னவோ, பிள்ளைகளாவது இருப்பார்களாம். பெயர் இல்லாத சத்தியக்கடதாசி போன வேகத்திலேயே திரும்பி வந்தது. முதல் நன்மை நாளும் வந்து போனது. பேத்தி வெள்ளைக் கவுணோடு நின்றதை என் கந்தோரில் இருந்துதான் கைபேசியில் பார்த்தார். நான் மறுபடியும் பெயரைக் கேட்டேன். கைபேசியைத் துடைத்து சட்டைப்பையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அவரு என்னை வீட்டுக்கு அனுப்பினாரு, மிஸ். நான் அவர விசாரணைக்கு அனுப்பவா?"

ஒளித்து வைத்த துண்டு

சில மாதம் கழித்து, வேறு ஏதோ தேவைக்குத் தன் கலியாணச் சான்றிதழை மொழிபெயர்க்கக் கொண்டுவந்தார். பொலித்தீன் பையில் இருந்து அதை எடுக்கும்போது பழுத்துப்போன சிறு கடதாசித் துண்டு ஒன்றும் கூட வந்தது. சட்டென்று கையால் மூடினார். முத்திரை கண்டால் விடுகிற ஆள் நான் இல்லை. "அது வேணாம் மிஸ், அதுல ஒரு குறை இருக்கு" என்றார். கையை விலக்கிப் பிடுங்கினேன்.

முகாம் களஞ்சியத்தின் பற்றுச்சீட்டு. சப்பாத்து, பெல்ட், தொப்பி, சீருடை இரண்டு, எல்லாம் ஒப்படைக்கப்பட்டன. களஞ்சியப் பொறுப்பாளரின் கையெழுத்து, முத்திரை. கீழே, ஒரு சோடி மேஸ் குறைவு, அதாவது சப்பாத்துக்குள் போடும் காலுறை. திகதி, இவர் "ஓடிய" நாளுக்கு மூன்று கிழமை பிந்தியது! ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். கலவரத்தில் வீட்டின் பின்பக்கம் எரிந்துவிட்டது. கதவில்லாத வீட்டில் அரசாங்க உடுப்பு களவு போனால் என்ன பதில் சொல்வது என்று, ஊரடங்கு எடுத்ததும் தோய்த்து அயன் பண்ணிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். பின்பக்கக் கொடியில் காய்ந்த மேஸ் மட்டும் வீட்டோடு எரிந்துவிட்டது. வீடு எரிந்ததை ஒரு வரியில் சொன்னவர், மேஸ் எரிந்ததைச் சொல்லும்போது தலை குனிந்தார்.

"ஓடிப்போறவன் சப்பாத்தை மினுக்கிக் குடுத்திட்டோ ஓடுறவன்? ஏன் அங்கிள் இதை இவ்வளவு நாளும் காட்டேல்ல?" நான் போட்ட சத்தத்தில் போட்டோகொப்பி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் துண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப... அந்த மேஸுக்காக என்னை ஓடினவன்னு எழுதலையா, மிஸ்?"

கூப்பிட்டார்கள்

துண்டின் பிரதியோடு முறையீடு மறுபடியும் போனது. எழுதினேன், தொலைபேசி எடுத்தேன், போய் நின்றேன். அந்தக் கவுண்டர் பெண்ணும் தன் பங்குக்குக் கோப்பை மேசை மேசையாகத் தள்ளினாள். ஒருநாள் நேரில் வரும்படி கடிதம் வந்தது. மரியதாஸ் அங்கிள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கடைசியில கூப்பிட்டுட்டாங்க" என்றார்.

பதிவு திருத்தப்பட்டிருந்தது. முறையாக விடுவிக்கப்பட்டவர், நன்னடத்தை. அதை ஆங்கிலத்தில் எழுதி முத்திரை குத்தப் போகிறவள் நான் என்ற பெருமையில் அந்தக் கந்தோரிலேயே நெஞ்சு விம்மியது. இருபத்தாறு வருடத்தில் இந்த ஒரு முத்திரைக்காகவே நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று சொன்னாலும் பொய்யில்லை. அடுத்த வருடம் இரண்டாவது பேத்தியின் முதல் நன்மைக்கு அவர் போகலாம். ஆனால் அங்கிள் இடத்தை விட்டு அசையவில்லை. பையில் இருந்து பழுப்புக் கடதாசிப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். மருதானையில் வாங்கிய புதுக் கறுப்பு மேஸ், ஒரு சோடி.

அதைப் பெற்றுக்கொள்ள அங்கே படிவம் ஏது? அந்தப் பெண் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு பழைய துண்டைக் கேட்டு வாங்கி, அதன் பின்பக்கத்தில் "ஒரு சோடி மேஸ் பெறப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்து வைத்து, எழுந்து நின்று இரண்டு கையாலும் நீட்டினாள்: "இப்ப ஒரு குறையும் இல்ல, அங்கிள். நீங்க சந்தோஷமாப் போயிட்டு வாங்க."

அன்றிலிருந்து என் கந்தோருக்கு யார் எந்தக் கடிதத்தோடு வந்தாலும், அதைப் படிப்பதற்கு முன்னால் வெட்கத்தில் ஒளித்து வைத்திருக்கிற துண்டு ஏதும் வீட்டில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன்.