பொன்னாடை போர்த்திய சுவர்கள்

பாஞ்சாலி வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு, எந்தச் சொந்தக்காரர் மேல் கோபம் என்பதெல்லாம் நான் கேட்காமலே எனக்குத் தெரிந்துவிடும். நான் தையல்காரி. மெஷின் ஓடுகிற சத்தத்தையும் தாண்டி அவள் குரல் வந்து காதில் உட்காரும்.

அவள் பிறந்தது மணவூரில், தண்டவாளத்தை ஒட்டின வீட்டில். ரயில் போகும்போது பேச்சை நிறுத்தும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாதாம், குரலைத்தான் உயர்த்துவார்களாம். வாழ்க்கைப்பட்டதும் அதற்கேற்ற இடம். புருஷன் தணிகைவேல் அவளுக்குத் தாய்மாமன் மகன், தெலுங்குப் பக்கத்து வழக்கப்படி 'பாவா' என்றுதான் கூப்பிடுவாள். அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். வருஷக்கணக்காகத் தறிச் சத்தத்துக்கு நடுவிலேயே நின்று காது மந்தமாகிவிட்டது. அதை யாராவது சொன்னால் மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "எனக்கு நல்லாத்தான் கேக்குது. நீங்கதான் வாய்க்குள்ளயே பேசுறீங்க" என்பார். அதனால் அந்த வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டாலும் திருத்தணி பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும்.

அந்தக் குரல்தான் அவளுக்குத் தொழில். ஆடித் தள்ளுபடி என்று மைக் கட்டிய ஆட்டோ எங்கள் ஊர் கனகம்மாசத்திரம் முழுக்கச் சுற்றுகிறதே, அதில் பேசுவது அவள்தான். அதே சரக்கைத் தெலுங்கிலும் சொல்லிவிடுவாள், ஆட்டோ அப்படியே ஆந்திராவுக்குள் நகரி பக்கம் போய்விடும். ஆண்டு விழா, காதுகுத்து, கல்யாண வரவேற்பு என்று மேடைகளிலும் மைக் பிடிப்பாள். முடிந்ததும் ஒரு பொன்னாடையைப் போர்த்திப் போட்டோ எடுத்து அனுப்பிவைப்பார்கள்.

ஆனால் அவள் ஆசை வேறு. "கடைப் பேரைச் சொல்லிச் சொல்லி வாய் மரத்துப்போச்சு உதயா. ஒரே ஒரு கதைய முதல்லருந்து கடைசி வரைக்கும் நானே படிக்கணும்" என்பாள். வாடகை நூலகத்துத் தொடர்கதைகளில் ஊறிய ஆள். போன ஆவணியில் சென்னையில் ஒலிப்புத்தகம் போடும் ஒரு கம்பெனிக்குத் தன் குரலை போனிலேயே பதிந்து அனுப்பினாள். அங்கே ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்ளும் ராஜேஷ் என்கிற பையன் கூப்பிட்டான்.

"வாய்ஸ் நல்லாருக்கு மேடம். ஆனா கிணத்துக்குள்ளருந்து பேசுற மாதிரி இருக்கு. வீட்லயே ஒரு சின்ன ரூம் ரெடி பண்ணி திரும்ப அனுப்புங்க. ஒரு நாவல் இருக்கு. தை பொறக்குறதுக்குள்ள ஆள முடிவு பண்ணிடுவாங்க."

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே காஸ் சிலிண்டரும் பழைய பாத்திரமும் கிடந்த இடத்தைக் காலி செய்தாள். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ஆள் முட்டி இடிக்காமல் உட்காரலாம். உள்ளே போய்க் கையைத் தட்டினால் 'ணங்' என்று சுவர் திருப்பித் தட்டும். அந்த 'ணங்' போக வேண்டும் என்பதுதான் ராஜேஷ் சொன்ன பரீட்சை.

எதை ஒட்டினால் போகும்? ஊரில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். தணிகைவேல் முதலில் முட்டை அட்டையைக் கட்டாகக் கட்டி வண்டியில் வைத்துக்கொண்டு வந்தார். அன்றைக்குப் பார்த்துக் கிருத்திகை. பாஞ்சாலி விரதம். "முட்டை இல்ல பாஞ்சாலி, வெறும் அட்டைதான்" என்று அவர் தெருவில் நின்று வாதாடியதை ஊரே கேட்டது. மறுநாள் ராஜேஷைக் கேட்டால், அது சத்தத்தைக் குடிக்காது மேடம், சும்மா பார்க்கத்தான் ஸ்டுடியோ மாதிரி இருக்கும் என்றுவிட்டான். அட்டை கோழிப்பண்ணைக்கே திரும்பிப் போயிற்று.

அடுத்து மேடை அலங்காரத்தில் மிஞ்சிய தெர்மாகோல். அதில் 'ணங்' இன்னும் கூர்மையாக வந்தது. ஆன்லைனில் வாங்கிய கறுப்பு நுரைச் சதுரங்கள் கீச்சுக்குரலை மட்டும் விழுங்கிவிட்டு, அடிக்குரலை அப்படியே விட்டுவிட்டன. ஏசி வேலை செய்பவர் ஒருவர் கண்ணாடிப் பஞ்சு கொடுத்தார். நல்ல சாமான்தானாம். ஆனால் கையுறை போடாமல் இவள் பிரித்துப் பார்த்துவிட்டு, அன்று மாலை ஒரு வரவேற்பில் மணமக்களை வாழ்த்திக்கொண்டே சொறிந்துகொண்டிருந்தாள். அந்த வீடியோவை நான் இன்னும் அழிக்கவில்லை.

கடைசியில் வழி சொன்னது தணிகைவேல்தான். தறிப் பட்டறையில் நூல் கழிவு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. மரச்சட்டம் அடித்து, பின்னால் கோழிவலை கட்டி, நூல் கழிவை உள்ளங்கை அகலத்துக்குத் திணிக்கலாமா என்று கேட்டதற்கு ராஜேஷ், "செம ஐடியா சார், சுவத்த ஒட்டாம கொஞ்சம் தள்ளி மாட்டுங்க" என்றான். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சட்டம் அடித்தார்.

பாஞ்சாலி ஆர்.கே.பேட்டையில் ஒரு விழாவுக்குப் போயிருந்த நேரத்தில், பஞ்சு பறக்குமே, எலி வருமே என்று யோசித்து, சட்டங்களை ஒன்று விடாமல் பேனர் ஃபிளெக்ஸில் இழுத்துக் கட்டி ஆணி அடித்துவிட்டார். எங்கள் ஊரில் ஃபிளெக்ஸ் போகாத இடம் உண்டா? மாட்டுக்கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, வைக்கோல் போர் எல்லாவற்றையும் மூடுவது அதுதான். இது அவர் தம்பி மகன் காதுகுத்து பேனர். சொந்தக்காரர்கள் முகமெல்லாம் உள்பக்கமாகப் போய், வெளியே வெள்ளைவெளேர் என்று ஆஸ்பத்திரி போல இருந்தது. அவரே உள்ளே போய்க் கை தட்டிப் பார்த்து, "இன்னா அமைதி பார்த்தியா உதயா" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். எனக்கு அந்த 'ணங்' கேட்டது. சொல்ல வாய் வரவில்லை.

பாஞ்சாலி வந்தாள், தட்டினாள். முன்னைவிட மோசமான 'ணங்'. மார்கழி பாதி போய்விட்டது, கைக்கு வந்த கதை போய்விடும் என்கிற பயம் அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"இன்னா பாவா இது? சட்டத்துக்குப் போய் பிளாஸ்டிக் போத்தி வச்சிகினு இருக்கீங்க. இந்த எதிரொலி உங்களுக்குக் கேக்கலியா?"

அவர் திரும்பவும் கை தட்டினார். தலையைச் சாய்த்து மறுபடி தட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார், "இல்ல. எனக்குக் கேக்கலை."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. பாஞ்சாலியும் கேட்டதில்லை. கத்திக்கொண்டிருந்தவள் அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். எனக்கு அங்கே நிற்கச் சங்கடமாக இருந்தது. அதனால் ராஜேஷுக்கு நானே போன் போட்டேன்.

"காத்து போற துணியா இருக்கணும் அக்கா. வாயில வச்சி ஊதிப் பாருங்க. காத்து போனா சத்தமும் உள்ள போயிடும், பஞ்சு அத புடிச்சிக்கும்."

ஒரு மணி நேரம் மூன்று பேரும் துணி ஊதினோம். என் கடைத் திரைச்சீலை காற்றை விடாமல் முறைத்தது. சோபா ரெக்சின் அசையவே இல்லை. ரவிக்கை லைனிங் போதிய அளவுக்கு இல்லை. அப்போதுதான் பாஞ்சாலி பீரோவைத் திறந்தாள். அடுக்கடுக்காகப் பொன்னாடை. அவற்றை என்ன செய்வது என்று எந்தத் தையல்காரிக்கும் தெரியாது. ரவிக்கைக்கு ஆகாது, தலையணை உறை தைத்தால் ஜரிகை கன்னத்தைக் குத்தும். ஒன்றை வாயில் வைத்து ஊதினாள். அந்தப் பக்கம் இருந்த என் முகத்தில் காற்று அடித்தது. ஃபிளெக்ஸைத் தணிகைவேலே பிடுங்கிப் போட்டார், நான் உறை தைத்தேன். பச்சை, ஆரஞ்சு, கத்தரிப்பூ நிறம் என்று உள்ளே ஒரே திருவிழா. கை தட்டினாள். தட்டிய சத்தம் தட்டிய இடத்திலேயே அடங்கியது. நான் விசில் அடித்தேன், வெட்கம் பார்க்கவில்லை.

பதிந்து அனுப்பினாள். ராஜேஷ் கூப்பிட்டான். "ரூம் சூப்பர் மேடம். ஆனா இப்பதான் தெரியுது, நீங்க நாலு தெருவுக்கு அறிவிக்கிறீங்க. காதுல இயர்போன் போட்டுகினு படுத்திருக்கிற ஒருத்தருக்குப் படிங்க. நாளைக்கு ஒண்ணு அனுப்புங்க. அதான் கடைசி."

இதற்கு எந்தப் பஞ்சை வாங்குவது? காதலன் காதலியிடம் ரகசியம் சொல்கிற இடத்தில்கூட இவள் ஆடித் தள்ளுபடி போட்டாள். என்னை எதிரில் உட்காரவைத்துப் படித்தாள், அதுவும் மேடைப் பேச்சாகவே வந்தது. தாழ்த்திப் பேச அவளுக்கு வரவில்லை. எங்கே பழகியிருப்பாள், பாவம்.

மறுநாள் தணிகைவேல் தறிக்குப் போகவில்லை. படிக்கட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, உள்ளே இருந்த அவள் மைக்கோடு இணைத்த ஹெட்போனை மாட்டி, சத்தம் கூட்டும் திருகை முழுக்கத் திருகினார். "படி" என்றார். உள்ளே அவள் ஆரம்பித்ததும் முகத்தைச் சுளித்துக் கையை உயர்த்தினார்.

"சத்தமா இருக்குது."

அவள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "யாருக்கு?"

"எனக்குத்தான். கொறைச்சிப் படி."

குறைத்தாள். இன்னும், என்று கையால் காட்டினார். இன்னும் குறைத்தாள். கதவு மூடியிருந்ததால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதையில் யாரோ ஊரை விட்டுப் போகிற கட்டம் போல, கண்ணைத் துடைத்துக்கொண்டார். படித்து முடித்து அவள் வெளியே வந்த பிறகும் ஹெட்போனைக் கழற்றவில்லை. "இன்னும் கொஞ்சம் இருக்குதா?" என்றார்.

பொங்கலுக்கு முந்தின நாள் மத்தியானம் ராஜேஷின் செய்தி வந்தது. நாவல் அவளுக்குத்தான், முப்பத்தாறு அத்தியாயம். நான் அவள் வீட்டு வாசலில்தான் நின்றிருந்தேன். வழக்கப்படி தெரு அதிரக் கத்துவாள் என்று காதைப் பொத்தத் தயாரானேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, அதே ஹெட்போனில் அவள் பதிந்ததைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் அவரைத் தாண்டி உள்ளே போனாள், கதவைச் சாத்தினாள், மைக்கைப் போட்டாள்.

என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. தணிகைவேல் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னார்:

"ஆங், கேட்டுச்சு. இன்னொரு தடவ சொல்லு."