பங்களா செட்டில் வந்த யானை

கொழுந்தனார் துபாயிலிருந்து என் மகளுக்கு ஒரு பிளாக்ஸ் செட் அனுப்பியிருக்கிறார். பெட்டி எங்கள் சித்தூர் வீட்டு டீப்பாயை விடப் பெரிது. மேலே ஒரு மாடி வீட்டின் படம், முன்னால் புல்வெளி, கூரையில் ஒரு பூனை. மகள் பெட்டியைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக்கின் வாசனை அறை முழுக்கப் பரவியது. அவள் கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணை மூடி மோந்துகொண்டிருந்தேன். நல்ல சரக்கு, மறுசுழற்சி கலக்காதது என்று மூக்கே சொல்லிவிட்டது. பழைய தொழில் புத்தி எங்கே போகும்?

ஆனால் சரக்கு நன்றாக இருந்து என்ன? பெட்டிக்குள் ஒரு தாள் நிறைய ஸ்டிக்கர். கடிகாரம் ஒரு ஸ்டிக்கர், சுவரில் மாட்டிய படம் ஒரு ஸ்டிக்கர், அடுப்பின் குமிழ்கள்கூட ஸ்டிக்கர். சின்ன விரல் கொஞ்சம் நடுங்கினால் கடிகாரம் கோணலாக ஒட்டிக்கொள்ளும், பிறகு ஆயுளுக்கும் கோணல்தான். இவ்வளவு பெரிய பெட்டி விற்கிறவர்கள் கட்டையிலேயே அச்சடித்துத் தரக் கூடாதா? அடுத்து, மாடிப்படி ஒரே துண்டாக வருகிறது. மரமும் அப்படியே. படியைக் கட்டுவதில்தானே விளையாட்டு இருக்கிறது? அதையும் அவர்களே கட்டிக் கொடுத்துவிட்டால் குழந்தைக்கு என்ன வேலை மிச்சம்? இட்டலியை மென்று ஊட்டுகிற மாதிரி.

எல்லாவற்றையும் விட என்னைத் தூக்கிவாரிப் போட்டது, வீட்டுக்குப் பின்சுவரே இல்லை. உள்ளே கையை விட்டு விளையாட வசதியாம். நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் நான் சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். பின்பக்கம் திறந்து கிடக்கும் வீட்டைப் பார்த்தால் எனக்கு முதுகு குறுகுறுக்கிறது.

மகள் பொறுமையாக, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, கட்டி முடித்தாள். நான் ஆசையாக ஒரு கட்டையைப் பிடுங்கிப் பார்க்கப் போனேன்.

"தொடாதம்மா! இது டிஸ்ப்ளேக்கு. விளையாடுனா உடைஞ்சுரும்."

பொம்மையைக் காட்டி அம்மாவை மிரட்டுகிற காலம் வந்துவிட்டது. நான் கையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். ஆனால் அந்த வாசனை கூடவே வந்தது. வாளயாறு கணவாய்க் காற்று தகரக் கூரையை உலுக்கும் ஒரு கொட்டகைக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அது கஞ்சிக்கோட்டில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை. தொழிற்சாலை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மூன்று மெஷின், ஒரு கொட்டகை, வாசலில் ஒரு வேப்பமரம். பக்கெட், மக்கு, சோப்புப் பெட்டி, குழந்தைகளுக்குக் கிலுகிலுப்பை, இவ்வளவுதான் சரக்கு. டிப்ளமோ முடித்த கையோடு நான் அங்கே சேர்ந்தேன். மெஷினில் பீகார்ப் பையன்கள் ஹிந்தியில் பாடுவார்கள், அக்கவுண்ட்ஸில் இருந்தவர் மலையாளத்தில் அலுத்துக்கொள்வார், முதலாளி சித்தூர்ப் பக்கத்துக் கொங்குத் தமிழில் எல்லாரையும் ஒரே மாதிரி அன்பாகத் திட்டுவார். எனக்கு இருந்தது எஸ்டேட் தமிழ். முதல் வாரம் நான் பேசினால் அவருக்குச் சிரிப்பு, அவர் பேசினால் எனக்குச் சிரிப்பு.

முதலாளி ஒரு நாள் எங்கேயோ மூடிக்கொண்டிருந்த கம்பெனியில் பழைய பிளாக்ஸ் அச்சுகளை வாங்கி வந்தார். செவ்வகக் கட்டை, சதுரக் கட்டை, தட்டை, ஒரு கதவு, ஒரு ஜன்னல். அச்சு தேய்ந்து போயிருந்ததால் கட்டைகள் ஒன்றையொன்று இறுகப் பிடிக்காது. தும்மினால் சுவர் சரியும். நிறமோ, அந்த வாரம் எந்த பக்கெட் ஓடியதோ அந்த நிறம். மிச்சம் மீதியில்தான் கட்டை ஊற்றுவோம். அதனால் எங்கள் வீடுகளுக்கு பக்கெட் பச்சையில் சுவரும் மக்கு ரோஸில் கூரையும் அமைந்தன. இன்றைக்கு இதையே யாராவது யோசித்துச் செய்த வடிவமைப்பு என்று சொல்லி விற்றுவிடுவார்கள்.

"அம்மிணி, புது அச்சு வெட்டறதுக்கு நம்மகிட்ட வழியில்ல. இருக்கறத வெச்சு ஒரு ஊடு கட்டிக் காட்டு. பங்களா செட்டுன்னு பொட்டி அடிக்கக் குடுத்தாச்சு. இந்தச் செட்டு கடைக்குப் போச்சுன்னா உன்னைய பெர்மனன்ட் பண்ணிப்போடறேன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு அப்போது எல்லாம். ஏனென்று சொல்கிறேன். எஸ்டேட்டில் வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. லயம் என்போம், நீளமான ஒரே கட்டிடம், ஒரே தகரக் கூரை, வரிசையாகக் குடும்பங்கள், இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். அப்பா இறந்த பிறகு அம்மா கொழுந்தெடுத்துத்தான் அந்த வீட்டைக் காப்பாற்றி வைத்திருந்தாள். அவள் ரிட்டையர் ஆகும் நாள் நெருங்கிவிட்டது. ரிட்டையர் ஆகிவிட்டால் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நான் போய்க் கூடையை மாட்டிக்கொள்ள வேண்டும்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்பாள்: "ஏட்டி, ஒன்னய நெரந்தரம் பண்ணுவாகளா மாட்டாகளா? பண்ணலேன்னா இப்பவே சொல்லிரு. ஆபீஸ்ல ஒம்பேரக் குடுத்துருதேன். பெறகு ரெண்டு பேரும் நடுரோட்டுல நிக்க முடியாதுல்லா."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. குழம்பு ஊற்றட்டுமா என்கிற அதே குரலில்தான் சொன்னாள். அதனால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, பங்களாவுக்கு வருவோம். ஒரு பெட்டிக்கு இவ்வளவு கட்டைதான் என்று முதலாளி அளந்து கொடுத்திருந்தார். அதில் நாலு சுவர் எழுப்பினால் கோழிக்கூடு அளவுக்கு ஒரு வீடு வரும். பெரிதாகக் கட்டினால் சுவர் ஒல்லியாகி, பிடிப்பில்லாத கட்டைகள் ஆடும். கூரையை வைத்ததும் மொத்தமும் உட்கார்ந்துவிடும். கட்டுவேன், விழும். கட்டுவேன், விழும். பீகார்ப் பையன்களுக்கு நல்ல பொழுதுபோக்கு, ஒவ்வொரு முறை விழும்போதும் கைதட்டுவார்கள்.

ஒரு மத்தியானம் பசியும் எரிச்சலுமாக, பங்களாவை மறந்து, கை போன போக்கில் ஒரு வீடு கட்டினேன். அதை ஒட்டி இன்னொன்று. அதை ஒட்டி இன்னொன்று. ஒரே கூரை, வீட்டுக்கொரு கதவு, வீட்டுக்கொரு புகைபோக்கி. தள்ளிப் பார்த்தேன், விழவில்லை. குறுக்குச் சுவர்கள் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து நின்றன. அதே கட்டைகள்தான், ஒரு வீட்டுக்குப் பதில் ஒரு வரிசையே வந்துவிட்டது. பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்துச் செய்யவில்லை. வீடு என்றால் என் கைக்குத் தெரிந்தது அதுதான். ஒரு வீட்டுக்கு நாலு சுவரும் தனக்கே சொந்தமாக இருக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

முதலாளி வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஏனம்மிணி, பங்களா கேட்டா ரயிலுப் பொட்டியாட்டம் கட்டி வெச்சிருக்கற?"

"ரயில் இல்ல சார். எங்க ஊர்ல வீடுன்னா இப்படித்தான் இருக்கும்."

"அப்ப இந்தச் செவுரு ஆருது?"

"ரெண்டு வீட்டுக்கும்தான் சார்."

அவர் பதறிப்போய்விட்டார். "பொதுச் செவுரா! அட சாமி, வேண்டவே வேண்டாம். எங்கண்ணனும் நானும் அப்படி ஒரு செவுத்துக்குத்தான் கோர்ட்டுப் படியேறி எறங்கீட்டிருக்கறோம். கொழந்தைக வெளையாடற சாமான்லயும் அந்த வம்பெதுக்கு?"

நான் விடவில்லை. பெர்மனன்ட் போய்விடுமே என்ற பயத்தில் வாய் தானாக ஓடியது. எங்கள் லயத்தில் சுவர் எதற்கு என்று சொன்னேன். அம்மா கரண்டிக் காம்பால் சுவரை ஒரு தட்டுத் தட்டினால் பக்கத்து வீட்டு ராசாத்தி அத்தைக்கு டீ தயார் என்று அர்த்தம். விடாமல் தட்டினால் வாசலில் யானை. எங்கள் பக்கம் யானை வருவது பஸ் வருவதை விட நிச்சயம். அந்தக் கோடி வீட்டுக்காரர் முதலில் பார்த்தால் தன் சுவரைத் தட்டுவார், அடுத்தவர் அடுத்த சுவரை, இப்படியே தட்டு வீடு வீடாக ஓடிவரும். இந்தக் கோடியில் இருக்கும் நாங்கள் கதவைத் திறப்பதற்குள் சேதி வந்துவிடும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு சாயங்காலம் தண்ணீர் பிடிக்கத் தாழ்ப்பாளில் கை வைத்தேன், சுவர் அதிர்ந்தது, அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கதவுக்கு வெளியே மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. தனி வீடாக இருந்தால் இன்றைக்கு உங்களுக்கு பங்களா கட்ட நான் இருந்திருக்க மாட்டேன் சார் என்றேன்.

முதலாளி கிடங்குப் பக்கம் போனார். கையில் ஒரு யானையோடு வந்தார். எங்கள் கிலுகிலுப்பைதான், பிடிவளையம் மாட்டாதது. அதை வரிசைக்கு முன்னால் வைத்தார். யானை கூரைக்கு மேலே நின்றது.

"ஊட்ட விட ஆனை பெருசா இருக்குதே?"

"உள்ள இருந்து பாத்தா அப்படித்தான் சார் தெரியும்."

இன்றைய செட்டுகளில் அளவு என்றால் அளவுதான். கதவுக்கேற்ற மனிதன், மனிதனுக்கேற்ற நாற்காலி. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் பயத்துக்கேற்ற யானை எங்கள் செட்டில் மட்டும்தான் இருந்தது என்று நான் இன்றும் பெருமையடித்துக்கொள்வேன்.

அவர் அந்த மாதிரியைத் துணிப்பையில் போட்டுத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். மறுநாள் வேப்பமரத்தடியில் அவர் வண்டி நிற்பதற்குள் நான் போய் நின்றுவிட்டேன்.

"அம்மிணி, எம்பட பேரன் ஆனைய உட்டு ஊட்ட இடிக்கறான், மறுக்காக் கட்டறான். கிலுகிலுன்னு ஒரே சத்தம். அது கேட்டு எங்கண்ணன் ஊட்டுப் பசங்க செவுரேறிக் குதிச்சு வந்துட்டாங்க. அந்தச் செவுருதான், கேசுல இருக்கற செவுரு! எல்லாம் ஒண்ணா உக்காந்து இடிக்குதுக. எங்கண்ணன் அந்தப் பக்கம் நின்னு எட்டிப் பாக்கறாரு, கூப்படவும் முடியல, திட்டவும் முடியல."

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் மெஷின் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். கேஸ் என்னவோ அதற்குப் பிறகும் நடந்துகொண்டுதான் இருந்தது.

பெட்டி ஏற்கெனவே அச்சாகி வந்துவிட்டிருந்தது. மேலே பங்களா, போர்ட்டிகோவில் கார். அந்தக் காரின் மேல் ஒரு யானை ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பினோம். ஒட்டியது நானேதான், பல கோணலாகத்தான் ஒட்டின. ஆகவே ஸ்டிக்கர் பற்றி மேலே சொன்னதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பங்களா என்று வாங்கிப் பிரித்தால் உள்ளே லயமும் யானையும். ஒருவரும் திருப்பித் தரவில்லை. கோயமுத்தூர்க் கடைக்காரர் இன்னும் வேண்டும் என்று போன் செய்தார். தேய்ந்த அச்சின் பிடிப்பில்லாத கட்டைதான் அதன் அழகே, யானை மூக்கால் தொட்டால் போதும், சரிந்துவிடும். இடிக்க முடியாத பொம்மை எனக்கு இன்றுவரை பிடிப்பதில்லை.

நான் பெர்மனன்ட் ஆனேன். கஞ்சிக்கோட்டில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்தேன். தனி வீடு, சுற்றிலும் காலி இடம், யானை வராத பக்கம். அம்மா ரிட்டையர் ஆனதும் பாத்திரங்களும் பைபிளும் ஒரு சாக்குத் தேயிலையுமாக வந்து இறங்கினாள். நாலு சுவரையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "நமக்கேவா?" என்று கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் டீ போட்டாள். இறக்கி வைத்துவிட்டு, யோசிக்காமல், கரண்டிக் காம்பால் சுவரை ஒரு தட்டுத் தட்டினாள். தட்டிவிட்டு அப்படியே நின்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏட்டி, அந்தப் பக்கம் ஆளே இல்லியே."

நானும் சிரித்தேன். அப்போது அது எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

இப்போது அந்தத் தொழிற்சாலை ஏதோ கம்பெனியின் கிடங்கு. வேப்பமரமும் இல்லை. ராசாத்தி அத்தை போடியில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய் அங்கேயே கண்ணை மூடினாள். லயத்தை இடித்துவிட்டுத் தங்கும் விடுதி கட்டியிருக்கிறார்கள், தனித்தனிக் குடில்களாக, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. அம்மாவும் போய்விட்டாள். நான் எடுத்து வைத்திருந்த பங்களா செட்டின் கட்டைகள் வீடு மாறி வீடு மாறித் தொலைந்ததில், மிச்சம் இருப்பது யானை மட்டும்.

நேற்று அதைத் தேடி எடுத்து மகளின் மாடி வீட்டுக்குப் பின்னால், சுவரில்லாத பக்கமாக வைத்தேன். அவள் அதை ஆட்டிப் பார்த்தாள். உள்ளே மணிகள் இன்னும் ஓடின.

"ஏம்மா, இது வந்தா வீட்டுல இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

தட்டிக் காட்டலாம் என்று கரண்டியை எடுத்தேன். எங்கள் சித்தூர் வீடும் தனி வீடுதான். எந்தச் சுவரைத் தட்டுவது என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.