அல்சூர் ஏரிக்கரையில் ஒரு கடல்

ஞாயிறு காலை, பெங்களூரு அல்சூர் ஏரிக்கரை. ஓவிய ஆர்வலர்கள் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, தாங்கள் வரைந்த படங்களைத் துணி கிளிப்பில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். கண்ணெதிரே ஏரி இருக்க, பாதிப் படங்களில் கடல்தான்.

ஒன்றின் முன் நிற்கிறேன். கடல் விளிம்பில் அரைச் சூரியன், நடுவில் ஒரு படகு. சேர்ந்து வரைந்தவர்கள் பீன்யா தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் செல்வமும் அவர் மனைவி பிரமிளாவும். செல்வத்துக்கு ஊர் நாகப்பட்டினம், பிரமிளாவுக்குக் கர்நாடக மேற்குக் கரையில் மல்பே. படத்துக்கு இன்னும் தலைப்பு இல்லை.

"விடியல்னு எழுதலாம்னா கேக்க மாட்டேங்கிறா சார். எங்க ஊர்ல சூரியன் கடல்லேர்ந்துதானே வரும்?"

"ரீ, சும்னிரி!" என்று கன்னடத்தில் கணவரை அடக்குகிறார் பிரமிளா. "எங்க ஊர்ல கடல்லதான் முழுகும். இது சாயங்காலம் சார்."

கணவன் மனைவி வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. பேச்சை மாற்றுகிறேன். "படகு மீன்பிடிக்கப் போகுதா?"

இருவரும் ஒரே குரலில், "வருது சார்!"

"ராத்திரி போன எங்கப்பா விடிஞ்சா வந்துடுவாரு" என்கிறார் செல்வம்.

"எங்கப்பா இருட்டோட போயி, பொழுது சாயறப்ப வருவாரு" என்கிறார் பிரமிளா.

சொல்லிக்கொண்டே தூரிகையை நனைத்து, கரையைப் பார்த்திருக்கும் படகின் மூக்கை இன்னும் அழுத்தமாகத் தீட்டுகிறார். காகிதம் காற்றில் ஆடாமல் செல்வம் இரு கையாலும் பிடித்துக்கொள்கிறார்.