மூடியில் உடையாத பெயின்ற்

யோசப் அண்ணை ஒஷாவாவில் கார்த் தொழிற்சாலையொன்றில் பெயின்ற் சரிபார்ப்பவர். மயிரிழைக் கீறலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு வீட்டில் அவர் செய்யும் வேலைதான் எனக்குப் பிடிக்காது. உலகப்போர்க் காலத்துக் கைக்குண்டுகளை வாங்கிச் சேர்ப்பார். வெடிமருந்து எடுத்த வெறுங்கூடுகள்தான். ஆனாலும் மன்னாரில் ஷெல்லடிக்குத் தப்பி இந்த நாட்டுக்கு வந்த மனிசனுக்கு ஆசைப்பட வேறு பொருளே கிடைக்கவில்லையா? அஜின்கோர்ட்டில் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரன் நான், இதை அவரிடம் கேட்டுக் கேட்டே அலுத்துப்போனேன்.

அவர் மனைவி கிளடிஸ் அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. எல்லாம் செத்த குண்டுகள் என்று அண்ணை சொல்லியிருந்தார். அக்காவுக்கு அது போதும். முப்பதுக்கு மேற்பட்ட குண்டுகள் பேஸ்மென்ற் அலுமாரியில் கிடந்தன. அதற்கு நேர் மேலேதான் அவர்கள் படுக்கிற அறை.

போன சனிக்கிழமை காலை யாரோ வீட்டுப் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் இன்னொன்று வாங்கி வந்தார். வெறுங்கூடு என்று எழுதிய துண்டு அதில் கட்டியிருந்தது. என்னையும் கூப்பிட்டு, குசினி மேசையில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். அக்கா பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அசல் பெயின்றா, பிறகு பூசியதா என்பதுதான் அண்ணைக்கு எப்போதும் முதல் கேள்வி. பிறகு பூசியது என்றால் பள்ளங்களில் தடிப்பாகத் தேங்கி நிற்குமாம். இதில் அப்படி இல்லை. மருந்து நிரப்பும் துளையின் மூடியைக் காட்டினார். மூடிக்கும் கூட்டுக்கும் இடையில் பெயின்ற் எங்குமே உடையவில்லை, எண்பது வருசமாக ஒருவரும் இதைத் திறக்கவில்லை என்று சின்னப்பிள்ளை மாதிரிப் பூரித்தார்.

சொன்ன வாயோடு முகம் வெளிறிப்போனது. ஒருவரும் திறக்கவில்லை என்றால் மருந்தை எடுத்தது யார்? மெல்லத் திருப்பிப் பார்த்தார். மருந்து எடுத்ததற்கு அடையாளமாக வெறுங்கூட்டில் போடுகிற ஓட்டையும் இல்லை. அதை மேசையில் கிடந்த துவாயின்மேல் இறக்கிவைக்க அவருக்கு எவ்வளவு நேரம் எடுத்ததோ தெரியாது.

அக்காவுக்குத் தெரியாமல் வெளியே கொண்டுபோகலாம் என்று நான் கண்ணால் காட்டினேன். கோழைப் புத்தி, ஒத்துக்கொள்கிறேன். அண்ணையும் தயங்கினார். அக்காவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கிளடிஸ், கத்தியை வைச்சிட்டு வெளியில போ. இது சாகேல்லை."

அக்கா ஒரு கேள்வியும் கேட்காமல், செருப்பும் போடாமல் நடந்தார். பொலிஸ் வந்து தெருவையே காலியாக்கியது. இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு குண்டைப் பெட்டியொன்றில் வைத்து எடுத்துப்போனார்கள். உள்ளே மருந்து அப்படியே இருந்ததாம்.

தெரு முனைக் கடையின் சுவரோரம் அக்கா குந்தியிருந்தார். இரண்டு காதிலும் விரல், வாய் திறந்தபடி. ஷெல் விழும்போது ஊரில் நாங்கள் எல்லோரும் இருந்த இருப்பு. அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அண்ணை பக்கத்தில் குந்தி, அது போய்விட்டது என்று அந்தக் கைகளை மெல்ல எடுத்துவிட்டார்.

"நீங்கள் செத்ததெண்டு சொன்னபடியால்தான் இவ்வளவு வருசமும் அதுகளுக்கு மேல நித்திரை கொண்டனான்," என்றார் அக்கா. "இனி எப்பிடிப் படுக்கிறது?"