எட்டுக் கிலோ கழித்து

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். கொஞ்சம் பூசின உடம்பு என்று சொன்னால் தெருவே சிரிக்கும், நல்ல உடம்பு. கணக்கில் தப்பு விட்டால், "உடம்பு மாதிரியே மூளையும் மந்தம்" என்று திட்டுவேன். என் வாய் அப்படி. இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பள்ளிக்கூடத்துக் கோ-கோ அணியில் சேர வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. விளையாட்டு டீச்சரோ, ஐம்பது கிலோவைத் தாண்டினால் இடமில்லை என்று சொல்லிவிட்டார். எடை பார்க்கிற நாளில் பள்ளிக்கூடத்து மெஷின் பழுது. தீபாவளி முடிந்து வேலை ஓய்ந்திருந்த நேரம். நாரணாபுரத்தில் நான் பட்டாசு பேக்கிங் பார்க்கிற கம்பெனியில் கேட்டு, எங்கள் எடை மெஷினை வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். நானே பக்கத்தில் நின்று எடையை வாசித்தேன்.

ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பதினெட்டுக் கிலோதான் இருந்தாள். "போடுற முட்டையெல்லாம் எங்கனதான் போகுது?" என்று டீச்சர் தலையில் கை வைத்தார். என் மகள் நாற்பத்தாறு. இறங்கினவள் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நின்றாள்.

மறுநாள் கம்பெனியில், அட்டைப்பெட்டி ஏற்றுகிற தள்ளுவண்டியை அந்த மெஷினில் நிறுத்தியபோது எனக்குப் பகீரென்றது. நாங்கள் வண்டியோடுதான் எடை போடுவோம். வண்டியின் எட்டுக் கிலோவை மெஷினே கழித்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறோம். வெறும் மெஷினில் கழித்தல் குறியோடு எட்டு என்று காட்டும். தினமும் பார்த்துப் பழகின கண், பள்ளிக்கூடத்திலும் அதைச் சட்டை செய்யவில்லை.

அப்படியானால் மகள் ஐம்பத்துநாலு கிலோ. சொன்னால் அணியை விட்டு வெளியே. இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் ஆளே மாறிப்போனாள். உடம்பு இளைக்கவில்லை, மூச்சு வாங்குவதுதான் குறைந்தது. விளையாடி வந்து முகம் கழுவிக் கணக்கு நோட்டோடு உட்கார்ந்தால், முடிக்காமல் எழுந்திருப்பதில்லை.

மனசு உறுத்தியது. போட்டிக்கு முந்தின நாள் டீச்சரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"விடுங்கக்கா. மத்த பிள்ளைக ஓடுறவ காலைப் பாக்குதுக. உங்க மக தோளைப் பாத்தே எந்தப் பக்கம் திரும்புவான்னு கண்டுபிடிச்சிருறா. ஒருத்திகூடத் தப்பலையே! அந்த அம்பது கிலோக் கணக்கை நான் போன வாரமே கிழிச்சுப் போட்டுட்டேன்."

சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து மகளிடமும் சொன்னேன். மந்தம் என்று திட்டினதற்கு மன்னிப்பும் கேட்டேன். முகம் வாடிவிடுவாளோ என்று பயந்துகொண்டே பார்த்தேன். அவள் கண்ணை அகல விரித்தாள்.

"எம்மா, அப்ப எட்டுக் கிலோவைக் கூடுதலாத் தூக்கிக்கிட்டேவா நான் அம்புட்டுப் பேரையும் தொட்டேன்?"