என் வீட்டுக்காரர் குடிக்கவில்லை

ஆண்டவர் முன்னிலையில் முதலில் என் குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் கடலிலிருந்து வந்தால், சோறு போடும் முன் அவர் வாயை மோந்து பார்ப்பேன். இரண்டு வருடம் அப்படிச் செய்தேன்.

முட்டம் பக்கம் கடற்கரை ஊர் எங்களுக்கு. 2011-இல் இது தொடங்கியது. வலையைப் பிடித்தபடியே வள்ளத்தில் உறங்கிவிடுவார். ஏதாவது தமாஷுக்குச் சிரித்தால் கால் முட்டு மடங்கி விழுவார். நாக்கு குழறும், நினைவு மட்டும் போகாது. வாயில் வாடையே இருக்காது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"வாடை இல்லாத சரக்கெல்லாம் வந்திருக்கு மக்ளே" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. அதையும் நம்பினேன்.

2013 தவக்காலத்தில், குடிக்க மாட்டேன் என்று பீடத்தின் முன் சத்தியம் செய்யச் சொன்னேன்.

"குடிக்காதவன் எதுக்குட்டி சத்தியம் பண்ணணும்?" என்றார். நான் அழுததைப் பார்த்து முழங்காலில் நின்று செய்தார்.

ஈஸ்டர் அன்று கோயில் முற்றத்தில், இவர் போகும் வள்ளத்தின் சொந்தக்காரர் மிக்கேல் அண்ணன் ஏதோ சொல்ல, இவர் சிரித்தார். விழுந்தார். தாடை கிழிந்தது.

"தவக்காலம் நாப்பது நாளு முடிஞ்ச உடனே தொடங்கிட்டான் பாரு!" என்றார்கள். மிக்கேல் அண்ணன், "இனி வள்ளத்துல ஏறண்டாம் மாப்ள" என்றார்.

அன்று செபத்தில் நான் அவருக்குக் குணம் கேட்கவில்லை. "ஆண்டவரே, இவர் குடிக்கிறாரா இல்லையா, அதை மட்டும் காட்டும்" என்று கேட்டேன்.

நாகர்கோவிலில் தையல் போட்ட டாக்டர், "சிரிச்சப்பவா விழுந்தீங்க?" என்று இரண்டு தரம் கேட்டார். திருவனந்தபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே உறக்கத்தைச் சோதித்தார்கள். ரத்தமும் எடுத்தார்கள். குடியைக் கண்டுபிடிக்கத்தான் ரத்தம் என்று நினைத்து, அதில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று தினமும் செபமாலை சொன்னேன்.

ரிசல்ட் வந்தது. பாசிட்டிவ்.

"அப்போ குடிச்சிருக்காரா டாக்டர்?" என்று அழுதுவிட்டேன்.

"குடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. இது பிறவியிலேயே உள்ள ஒரு ஜீன். நல்லா இருக்கிற எத்தனையோ பேருக்கும் உண்டு. ஆனா, சிரிச்சா விழுற இந்த உறக்க நோய்க்காரங்க அநேகமா எல்லாருக்கும் இருக்கும். உறக்க டெஸ்ட்டோட சேர்த்துப் பாத்தா இது நார்கோலெப்சிதான்."

நல்லா இருப்பவர்களுக்கும் உண்டாம், நோயாளிக்கும் உண்டாம். தலை சுற்றியது. குடி இல்லை என்பது மட்டும் நெஞ்சில் இறங்கியது. மன்னிப்புக் கேட்கத் திரும்பினேன். அவர் நாற்காலியில் உறங்கிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் வரும்போதுதான் கேட்டேன். "சரி, இனி மோந்து பாக்க மாட்டியே?" என்றார். அவ்வளவுதான்.

மாத்திரை சாப்பிடுகிறார். முழுக்கக் குணமாகவில்லை. கடலுக்குப் போவதில்லை, கரையில் மிக்கேல் அண்ணனின் கிழிந்த வலைகளைப் பொத்துகிறார். பிறகு ஆண்டவருக்கு என்ன சாட்சி சொல்கிறாய் என்று கேட்பீர்கள். எனக்கும் குழப்பம்தான். ரத்தத்தில் ஒன்றும் வேண்டாம் என்று கேட்டேன், அதைத் தரவில்லை. உண்மையைக் காட்டும் என்று கேட்டேன், அந்த ரத்தத்திலேயே காட்டினார்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் விளங்காத காரியம் இருந்தால் ஊர் வாயை நம்பாதீர்கள். ஆண்டவரிடம் கேளுங்கள், டாக்டரிடமும் போங்கள்.

இப்போது வீட்டில் சிரிப்பு வந்தால், முதலில் அவர் தோளைப் பிடித்துக்கொள்வேன். பிறகுதான் இரண்டு பேரும் சிரிப்போம்.